கயிறு பிடித்த மச்சான்

குணராசா கதிரையில் இருக்க மாட்டேன் என்றார். இருந்தால் எழும்ப ஏலாதாம். என் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வள்ளத்தில் நிற்பவரைப் போலக் கால்களை அகட்டி நின்றார். சிமெந்துத் தரை ஆடவில்லை. அவருடைய முழங்கால்கள்தான் ஆடின.

"நிலம் தெரியுதோ?" என்று கேட்டேன். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று அறிவதற்கு நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி அது.

"கண்ணால பார்த்தாத் தெரியுது, டொக்டர். காலுக்குத் தெரியேல்லை."

திருகோணமலையில் கிழமைக்கு ஒரு நாள் நான் நடத்திவந்த கிளினிக் அது. ஆவணி மாதத்து வெயில். வெளியே மதிலோரம் இரண்டு மான்கள் யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் தாளை மென்றுகொண்டிருந்தன. குணராசாவுக்கு ஐம்பது கடந்திருந்தது. சல்லிக் கிராமத்துச் சுழியோடி. மீசை முளைக்கும் முன்பே சங்குக்கும் கடல் அட்டைக்கும் இறங்கத் தொடங்கியவர். அவருக்குப் பின்னால் மனைவி தவமணி, ஸ்கான் படம் இருந்த பெரிய உறையை மார்போடு அணைத்தபடி. வாசலுக்கு வெளியே இன்னொருவர் நின்றார். உள்ளே வா என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் தவமணியின் தம்பி பாலன்.

அன்றைக்கு அந்த அறையில் இரண்டு விஷயங்களுக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது. ஒன்று, குணராசா இனி நடப்பாரா என்பது. மற்றது, அவருடைய கால்கள் இப்படியானதற்கு வாசலில் நின்ற அந்த மனிதர்தான் காரணமா என்பது. முதலாவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. இரண்டாவதற்கும் நானே தீர்ப்பு எழுதினேன். பிழையாக எழுதினேன்.

அக்காவின் தாலி

பாலன் ஏன் வாசலில் நின்றார் என்பது விளங்க வேண்டுமானால் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

இப்போது சுழியோடிகள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். ஆனால் குணராசாவின் குடும்பம் போன்ற பழைய குடும்பங்கள் சில, சிலிண்டர் வந்த பிறகும் கயிற்றை விடவில்லை. இறங்குபவரின் இடுப்பில் ஒரு முனை. மேலே படகில் நிற்பவரின் கையில் மறு முனை. கீழே இருந்து இரண்டு தரம் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும்.

அந்தக் கயிற்றைக் கண்டவர் பிடிக்க முடியாது. இறங்குபவரின் மனைவியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். காரணத்தை, பல படகுகளுக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி எனக்கு விரல் மடக்கிச் சொன்னார். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் காணிச் சண்டை இருக்கலாம். கூட்டாளி பிடித்தால் பங்குச் சண்டை இருக்கலாம். மச்சான் பிடித்தால், கயிற்றின் மறு முனையில் இருப்பது அவனுடைய அக்காவின் தாலி. அவன் கை தவறாது. காப்புறுதிக் கம்பெனிக்காரர்கள்கூட இவ்வளவு தெளிவாக யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் கிளம்பும். அவை முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணில் போய் அடைத்தால் கால்கள் விழும். கடற்கரையில் இதற்குப் பெயர் "பிடிச்சிட்டுது" என்பதுதான். எது பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப் பிடிபட்டவரைக் கயிற்றில் கட்டித் திருப்பிக் கடலுக்குள் இறக்கி, பாதி ஆழத்தில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, மெல்ல மெல்ல மேலே எடுப்பார்கள். இதற்கென்று துறைமுகப் பக்கம் அழுத்த அறை இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம். முதலில் கடல், பிறகுதான் டொக்டர்.

அந்த வருடம் கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒரு நாள் குணராசா பன்னிரண்டு பாகத்திலிருந்து, அதாவது எழுபது அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து, ஏறி வந்தார். சங்குப் பையையும் தானே தூக்கிப் படகுக்குள் போட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் விறைத்தன. பாலன் பதறிப்போய் அத்தானைத் திருப்பி இறக்கி, ஐந்து பாகத்தில் அரை மணித்தியாலம் தொங்கவிட்டார். கால்கள் திரும்பி வந்தன. குணராசா கரையில் தானே நடந்து வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் மறுபடியும் விழுந்தன.

கடலில் வந்தது, கடலில் இறக்கியதும் தணிந்தது. அப்படியானால் கடல்தானே காரணம்? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஊரான் செய்த பிழை

பாலனை உள்ளே கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சுவரோடு நின்றார். கயிறு பிடித்துப் பிடித்து உரமேறிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கயிறு பிடிச்சது ஆர்?"

"நான்தான் டொக்டர்."

"கெதியா இழுத்தனீங்களோ?"

"இல்லை டொக்டர். எப்பவும் மாதிரித்தான். எண்ணி எண்ணித்தான் இழுத்தனான்."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை, ஆனால் என் முகம் சொல்லியிருக்கும். தவமணி தம்பியைத் திரும்பிப் பார்த்த விதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. படத்தில் முண்ணாணின் கீழ்ப்பகுதி வீங்கி வெளுத்திருந்தது. குமிழி அடைத்தாலும் அப்படித்தான் இருக்கும். அதன் பின்புறம் எறும்பு வரிசை போலச் சில கறுப்புப் புள்ளிகள். படம் வாசிக்கும் டொக்டர் தொலைபேசியில் கேட்டார்: "பின்னால சில புள்ளி கிடக்கு, கவனிச்சனீங்களோ?"

"மூச்சு விட்ட அசைவாயிருக்கும். ஆள் சுழியோடி," என்றேன்.

"ஓ, சுழியோடியோ," என்று அவரும் விட்டுவிட்டார்.

வேறு ஊர் டொக்டர் ஒருவர் என் கதிரையில் இருந்திருந்தால் அந்தப் புள்ளிகளை இன்னொரு தரம் பார்த்திருப்பார். நான் இந்த ஊரில் பிறந்தவன். அப்பா துறைமுகக் கந்தோரில் கிளார்க். சுழியோடிகளைப் பார்த்து வளர்ந்தவன் என்று எனக்கு ஒரு தடிப்பு. கடலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை என்ற நினைப்பு. தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி எழுதிக் கை உளைந்தவன்தான். விசாரித்தேன். பதிலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன், ஊராரின் சொல்லில் ஒரு துண்டு. வேகமாக மேலே ஏற்றப்பட்டதால் முண்ணாணில் ஏற்பட்ட பாதிப்பு. இனிக் கடலுக்குள் இறங்கக் கூடாது. "அநேகமாக" என்று ஒரு சொல் போட்டிருக்கலாம். போடவில்லை. வீக்கம் வற்ற ஸ்டெரொயிட் குளிசை, கால்களுக்குப் பயிற்சி, ஆறு மாதம் கழித்து வரும்படி ஒரு திகதி. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு கடிதம்

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன்.

சென்ற கிழமை பத்திரிகையின் இதே பத்தியில் கிண்ணியா ஆசிரியை ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன். இருமினால் பிடரி வெடிக்கிறது என்று வந்தவர். சிறுமூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் துவாரத்தால் கழுத்துக்குள் இறங்கியிருந்தது. எலும்பைக் கொஞ்சம் செதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தோம், சுகமானார். அதைப் படித்துவிட்டு அவரே பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். "டொக்டர் என்னைப் பயந்தவள் என்று எழுதியது பிழை, நான் பயப்படவில்லை, ஒப்பரேசன் தியேட்டருக்குள் குளிரால்தான் நடுங்கினேன்" என்கிறார். திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

பத்திரிகைக்காரர்களுக்கு இப்படியான கதைகள்தான் பிடிக்கும். அரிய நோய், திறமான டொக்டர், சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகும் வருத்தக்காரர். இந்தக் கிழமை நான் எதை எழுதப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்தானே டொக்டர்," என்றார்கள் ஆறுதலாக. ஆனைக்கு அடி சறுக்கினால் ஆனைக்குத்தான் நோகும். இங்கே சறுக்கியது நான், நொந்தது வேறு ஆட்களுக்கு. அந்தப் பழமொழி எனக்குப் பொருந்தாது.

அரிதான வருத்தங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். அவை அரிதாக இருப்பதால் யாரும் தேடுவதில்லை. தேடாததால் இன்னும் அரிதாகத் தெரிகின்றன.

கடலுக்குப் போகாமலே

மாரி முடிந்து மாசி மாதம் குணராசா வந்தார். இந்த முறை மேசையைப் பிடிக்கவில்லை. சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாரத்துக்குக் கீழே கால்கள் மெலிந்து கிடந்தன. மூத்திரம் போவதற்கும் சிரமம் என்று மெதுவாகச் சொன்னார். பாலன் வரவில்லை.

சோதித்து முடித்தேன். பயிற்சியைத் தொடருங்கள் என்றேன். தேத்தண்ணிக்கு எழுந்து விறாந்தைக்கு வந்தபோது தவமணி பின்னால் வந்தார்.

"டொக்டர், ஒண்டு கேட்கலாமோ?"

"கேளுங்கோ."

"கடல் வருத்தம், கடலுக்குப் போகாமலும் கூடிக்கொண்டு போகுமோ?"

தேத்தண்ணிக் கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்தேன்.

"நீங்கள் துண்டு தந்த நாளிலயிருந்து அவர் கடலில கால் வைக்கேல்லை. வீட்டிலதான் கிடந்தவர். ஆனா கிழமைக்குக் கிழமை கால் போய்க்கொண்டே இருந்தது. கார்த்திகையில கிணத்தடி வரைக்கும் நடந்தவர். மார்கழியில கட்டிலைப் பிடிச்சு நிண்டவர். பொங்கலுக்கு நான்தான் தூக்கி இருத்தினனான். நீங்கள் தந்த குளிசை இருக்கே, அதைக் குடிச்ச கிழமைதான் சரியாக் கூடினது. நான் நிப்பாட்டிப்போட்டன். பேசாதீங்கோ."

"ஏன் நீங்கள் முன்னமே வரேல்லை?"

"அவர் வரமாட்டன் எண்டிட்டார். டொக்டர் சொல்லிப்போட்டார்தானே, இனி என்ன எண்டு. மாரி முழுக்கத் தம்பியைத் திட்டித் திட்டியே போச்சு."

பிறகுதான் மற்றக் கதை வெளியே வந்தது. நான் எழுதிய கடிதத்தைப் படம் எடுத்துக் கனடாவிலிருக்கும் உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதைத் தமிழில் வாசித்துக் குரல் பதிவாகத் திருப்பி அனுப்பினார்: கெதியா இழுத்ததாலதான் வந்ததெண்டு டொக்டரே எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. அந்தக் குரல் பதிவு சல்லியில் வீடு வீடாகப் போயிருக்கிறது. பாலன் முதலில் மறுத்தார். பிறகு ஒரு நாள், கோயில் வீதியில், குடும்பம் முழுவதற்கும் முன்னால் ஒப்புக்கொண்டார்.

"அவனே சொன்னான் டொக்டர், ஓம், கெதியாத்தான் இழுத்துப்போட்டன் எண்டு. அதோட நான் அவனோட கதைக்கிறேல்லை. அவன் பெண்சாதியின்ர ஊருக்குப் போயிட்டான்."

தேத்தண்ணி ஆறிவிட்டது. குமிழியால் வந்த பாதிப்பு ஆறும், அல்லது அப்படியே நிற்கும். ஆறு மாதம் வீட்டில் படுத்திருப்பவரில் கிழமைக்குக் கிழமை மோசமாகாது. ஸ்டெரொயிட் குளிசை குடித்ததும் மோசமாகும் வருத்தம் வேறொன்று. பரீட்சையில் கேட்டிருந்தால் முழுப் புள்ளி வாங்கியிருப்பேன். விறாந்தையில் ஒரு சுழியோடியின் மனைவி கேட்கும்வரை எனக்கு மூளை வேலை செய்யவில்லை. வெட்கமாக இருந்தது.

பழைய படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எறும்பு வரிசை அங்கேயே இருந்தது. மூச்சு அசைவு அல்ல, வீங்கி நெளிந்த இரத்த நாளம்.

சிவப்பாக ஓடிய நாளம்

இதைக் குணராசாவுக்கு விளங்கப்படுத்தியது போலவே உங்களுக்கும் சொல்கிறேன்.

முண்ணாணைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறையில், நடுமுதுகுக்குப் பக்கத்தில், ஒரு நாடியும் ஒரு நாளமும் சேரக் கூடாத இடத்தில் சேர்ந்துவிட்டன. நாடி இரத்தத்தை அழுத்தத்தோடு கொண்டுவருவது, நாளம் மெதுவாக வடித்துக்கொண்டு போவது. வாய்க்காலுக்குள் கடல் ஏறினால் வயல் தண்ணீர் எப்படி வடியும்? முண்ணாண் அப்படித்தான் ஊறி வீங்கியது. நடந்தால், பாரம் தூக்கினால் கூடும். அசையாமல் கிடந்தால் கொஞ்சம் தணியும். அன்றைக்கு ஐந்து பாகத்தில் அரை மணித்தியாலம் கால்களுக்கு வேலையில்லாமல் தொங்கியபோது தணிந்ததும் அநேகமாக இப்படித்தான். இந்த முறை "அநேகமாக" என்ற சொல்லைப் போட்டுவிட்டேன்.

கொழும்பில் ஒரு படம் எடுத்தோம். தொடையின் நாடி வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, சாயம் விட்டு, அந்தச் சேர்க்கை எந்த எலும்புக்குப் பக்கத்தில் என்று கண்டுபிடித்தார்கள். ஒப்பரேசனுக்கு முன் இருவரிடமும் சொன்னேன்: இனி மோசமாகாமல் நிறுத்தலாம். போனது எவ்வளவு திரும்பி வரும் என்று எனக்குத் தெரியாது. முன்னமே பிடித்திருந்தால் கூடுதலாக வந்திருக்கும்.

"வெட்டுங்கோ டொக்டர். இதைவிட என்ன கெடப்போகுது," என்றார் குணராசா.

ஒப்பரேசன் நாளில் அவரைக் குப்புறக் கிடத்தினோம். எக்ஸ்ரேயில் முள்ளெலும்புகளைக் கீழிருந்து ஒரு தரமும் மேலிருந்து ஒரு தரமும் எண்ணினேன். மூன்றாம் தரமும் எண்ணினேன். மயக்க மருந்து டொக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழக்கமாக நான் இரண்டு தரத்தோடு நிறுத்துபவன்.

தோலைத் திறந்து, தசையை ஒதுக்கி, எலும்பின் பின்சுவரை எடுத்தோம். எலும்பு துளைக்கும் கருவியின் சத்தம், சுட்ட எலும்பின் மணம். நுணுக்குக்காட்டியின் கீழ் உறையை வெட்டி நூலால் இரு பக்கமும் இழுத்துக் கட்டினேன். முண்ணாணின் முதுகில் அந்த நாளம் தடித்து, நெளிந்து கிடந்தது. நாளம் நீலமாக இருக்க வேண்டும். இது நல்ல சிவப்பு.

அது உறைக்குள் நுழையும் இடத்தைத் தேடிப் பிடிக்க நீண்ட நேரம் சென்றது. அந்த இடத்தில் ஒரு சிறிய கிளிப்பைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக் காத்திருந்தேன். தாதி மிஸி பஞ்சுத் துண்டுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"மாறுது சேர்," என்றார்.

சிவப்பு மங்கி, கருஞ்சிவப்பாகி, நீலமானது. விறைப்பாக நின்ற நாளம் தளர்ந்து படிந்தது. அந்த இடத்தைச் சுட்டு, வெட்டி, பிரித்தேன். அவ்வளவுதான். அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு இடம். எனக்குப் பெருமையாக ஒன்றும் இருக்கவில்லை. பசித்தது.

முதல் துண்டே போதும்

ஆறு கிழமைக்குப் பிறகு குணராசா கிளினிக்குக்கு வந்தார். ஒரு கையில் தடி, மறு கை தவமணியின் தோளில். வாசலிலிருந்து மேசைவரை பதினொரு அடி. அதை நடந்து முடித்துவிட்டுக் கதிரையில் தானே இருந்தார். மூத்திரப் பிரச்சினை பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. இடது பாதத்துக்கு இன்னும் நிலம் தெரியவில்லை. அது இனித் தெரியாது என்று நான் கணித்தேன். அந்தக் கணிப்பு சரியாகத்தான் போனது.

கதவைச் சாத்தச் சொன்னேன்.

"இது கடலால வந்ததில்லை. நான் முதல் எழுதினது பிழை. என்னால உங்களுக்கு ஆறு மாதம் போச்சு. அந்த ஆறு மாதம் கையிலயிருந்தால் நீங்கள் தடியில்லாமல் நடந்திருக்கவும் கூடும்."

குணராசா தலையாட்டினார். "விளங்குது டொக்டர். கெதியா இழுத்ததில அந்த நாளம் பின்னிப்போச்சு, என்ன?"

அவர் இரண்டு கதைகளையும் சேர்த்து ஒன்றாக்கி வைத்திருந்தார். மனிதர்கள் கேட்டதை எறிவதில்லை, புதியதைப் பழையதன் மேல் அடுக்கிக்கொள்கிறார்கள்.

"இல்லை. நீங்கள் கடலையே காணாத ஆளாயிருந்தாலும், கந்தோரில கதிரையில இருந்து வேலை செய்திருந்தாலும், இது வந்திருக்கும். இழுத்ததுக்கும் இதுக்கும் ஒரு தொடுப்பும் இல்லை."

தவமணி தடியைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டார்: "அப்ப தம்பி?"

"அவரில ஒரு பிழையும் இல்லை."

தவமணி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். குணராசா சுவரில் தொங்கிய முள்ளந்தண்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பேனையை எடுத்தேன். "வடிவா ஒரு துண்டு எழுதித் தாறன். எல்லாருக்கும் காட்டலாம்."

"துண்டு வேண்டாம் டொக்டர்," என்றார் தவமணி. குரலில் மரியாதை குறையவில்லை, ஆனால் அந்தப் பெண் என்னோடு அப்படி ஒருநாளும் கதைத்ததில்லை. "முதல் துண்டே போதும். நாங்கள் போய்ச் சொன்னால், இரக்கப்பட்டுச் சொல்லுறம் எண்டு நினைப்பான். நீங்கள் வாங்கோ. உங்கட வாயால சொல்லுங்கோ."

டொக்டர்மார் வருத்தக்காரரின் உறவினரைத் தேடி ஊர் ஊராகப் போவது வழக்கமில்லை. சாவீட்டுக்குப் போவதுண்டு, அதுவும் எல்லாரும் போவதில்லை. வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை போவம்," என்றேன்.

இலங்கைத்துறை

ஒரு வான் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குணராசா முன்னால், நானும் தவமணியும் பின்னால். கிண்ணியாப் பாலத்தைக் கடந்தோம். பாலம் வராத காலத்தில் இந்த இடத்தில் பாதைக்காக, அதுதான் வாகனங்களை ஏற்றி அக்கரைக்கு இழுத்துச் செல்லும் தட்டையான படகுக்காக, வரிசையில் நிற்க வேண்டும். நான் உள்ளகப் பயிற்சி டொக்டராக இருந்தபோது தலையில் இரத்தக் கசிவோடு ஒருவரை அக்கரையில் வைத்துக்கொண்டு பாதைக்காகக் காத்திருந்திருக்கிறேன். அவர் பிழைத்துவிட்டார். அதில் எனக்குப் பங்கில்லை, அவருடைய மண்டை கெட்டியானது. வழியில் இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மூதூர் தாண்டி, ஈச்சிலம்பற்று வயல்களுக்குள்ளால் போய்க் கடற்கரைக்குத் திரும்பினோம். அறுவடை முடிந்து வைக்கோல் வீதியோரம் காய்ந்தது. பாலன் போயிருந்த இலங்கைத்துறையில் கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். மீன் பிரித்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு நடுவில் பாலன் குந்தியிருந்தார். வானையும், முன் இருக்கையில் இருந்த அத்தானையும் கண்டதும் எழுந்தார். பக்கத்தில் வரவில்லை. நாங்கள்தான் போனோம். மணலில் குணராசாவால் நடக்க முடியாது, வானின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாடி, நாளம், சேர்ந்த இடம், நான் பார்த்தும் விட்டுவிட்ட புள்ளிகள். பாலன் குறுக்கே பேசாமல் கேட்டார். கைகளில் செதில் ஒட்டியிருந்தது.

"உங்களில பிழையில்லை. நீங்கள் எப்பிடி இழுத்திருந்தாலும் இது வந்திருக்கும்," என்று முடித்தேன்.

"இல்லை டொக்டர்," என்றார் பாலன். "நான் கெதியாத்தான் இழுத்தனான். எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. கயிறு உள்ளங்கையில சுட்டது. அவ்வளவு கெதி."

"முதல் நாள் என்னட்டை எண்ணி எண்ணி இழுத்ததெண்டு சொன்னீங்கள்."

"நான் சொன்னனானோ?"

பொய் சொல்லும் முகம் எனக்குத் தெரியும், தினமும் பார்ப்பவன். இது அதுவல்ல. அவருக்கு உண்மையாகவே அது நினைவில் இல்லை. மாரி முழுவதும் அந்த ஒரு நாளைத் திரும்பத் திரும்ப நினைத்து, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட வேகமாகக் கயிற்றை இழுத்திருக்கிறார்.

"சொன்னீங்கள். நான்தான் நம்பேல்லை."

பாலன் தன் உள்ளங்கைகளைச் சாரத்தில் துடைத்தார். பிறகு கேட்டார்: "நான் கெதியா இழுக்கேல்லையெண்டால், ஏன் டொக்டர் எல்லாருக்கும் முன்னால ஓமெண்டனான்?"

"நான் எழுதினதால."

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். ஏழு மாதத்தில் முதல் தரம்.

"அக்கா, நீயும் அதாலதானோ என்னோட கதைக்காமல் விட்டனீ?"

"ஓம்," என்றார் தவமணி.

"அத்தானும்?"

வானுக்குள்ளிருந்து குணராசா எங்கள் பக்கம் பார்த்துத் தலையை மேலும் கீழும் அசைத்தார். ஓமென்றுதான் அர்த்தம்.

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. கரைவலைக்காரர்கள் மீன் பிரிப்பதை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலுக்குக் கீழே மணல் சுட்டது. நான் முகத்தைத் திருப்பாமல் நின்றேன். அதற்காகத்தான் அங்கே போயிருந்தேன்.